இது உண்மையிலேயே திறமூலமா? உரிமத்தைப் படித்து முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹபில் ஒரு மென்பொருளின் மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. இறக்கிக்கொள்ளலாம், ஓட்டிப் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். இவ்வளவு இருந்தும் அது திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளாக இல்லாமல் போகலாம். கிளவுட் சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெராஃபார்ம் இதற்கு நல்ல உதாரணம். மோசில்லா பொது உரிமம் 2.0இல் வெளிவந்துகொண்டிருந்த அதை, 2023 ஆகஸ்ட் 10 அன்று ஹாஷிகார்ப் நிறுவனம் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. நிரல் அதே ரெப்போவில்தான் (கோப்புகளின் களஞ்சியத்தில்தான்) இருந்தது, ஒரு வரிகூட மறைக்கப்படவில்லை. ஆனால் அடுத்த பதிப்பிலிருந்து, ஹாஷிகார்ப்பின் சேவைகளுக்குப் போட்டியாக டெராஃபார்மை வைத்துத் தொழில் நடத்த அனுமதி இல்லை என்று ஆனது. அதை நம்பித் தொழில் செய்துவந்தவர்கள் பழைய உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து ஒரு கிளையைப் பிரித்தார்கள். அடுத்த மாதமே அது ஓப்பன்டோஃபு என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்புக்குள் வந்துவிட்டது.

எனவே ஒரு மென்பொருளை எடைபோடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: முன்பின் தெரியாத ஒருவர், அவர் ஆசிரியருக்கே போட்டியாளராக இருந்தாலும், யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்த வேலைக்கும் இதைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விற்கவும் முடியுமா? இதற்கு 'ஆம்' என்று வந்தால்தான் திறமூலம். அந்தப் பதிலை உரிமத்திலிருந்து எப்படி எடுப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். அலுவலகத் திட்டத்தில் ஒரு நிரல் நூலகத்தை (லைப்ரரி) சேர்க்கப் போகிறவருக்கும், தான் எழுதியதற்கு உரிமம் தேடுகிறவருக்கும் வழி ஒன்றுதான்.

எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம்

1997இல் டெபியன் திட்டம், தன் இயங்குதளத்தில் எந்த மென்பொருளைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்ய ஒரு வழிகாட்டி நெறியை ஏற்றுக்கொண்டது. அதை வரைந்தவர் புரூஸ் பெரன்ஸ். 1998 பிப்ரவரியில் கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரை முன்வைத்தார். அதே மாதம் பெரன்ஸும் எரிக் ரேமண்டும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டெபியன் நெறிகளில் டெபியனுக்கே உரிய விஷயங்களை நீக்கி, பொதுவான வரையறையாக வெளியிட்டார்கள். இன்று அதில் பத்து விதிகள் உள்ளன. இந்த அமைப்பை இனி ஓஎஸ்ஐ என்று குறிப்பிடுகிறேன்.

பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மென்பொருளை மற்றவற்றோடு சேர்த்து விற்பதையோ கொடுப்பதையோ தடுக்கக் கூடாது, மூலநிரல் கிடைக்க வேண்டும், மாற்றிய பதிப்பை அதே உரிமத்தில் வெளியிட விட வேண்டும் என்பவை அடித்தளம். எந்த ஆளையும் குழுவையும் ஒதுக்கக் கூடாது என்பது ஐந்தாவது விதி. எந்தத் துறைப் பயன்பாட்டையும் ஒதுக்கக் கூடாது என்பது ஆறாவது. ஒரே பொருளோடு மட்டும் உரிமையைக் கட்டிப்போடக் கூடாது, கூடவே விநியோகமாகும் வேறு மென்பொருளின் மேல் நிபந்தனை போடக் கூடாது, குறிப்பிட்ட தொழில்நுட்பத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பவை கடைசி மூன்று. நடைமுறையில் ஒரு உரிமம் தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் முதல் விதி, ஐந்தாவது, ஆறாவது ஆகியவைதான். உங்கள் கண் அங்கே இருக்கட்டும்.

படி 1: உண்மையான உரிமத்தைக் கண்டுபிடியுங்கள்

ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'ஓப்பன் சோர்ஸ்' என்று எழுதியிருப்பதோ, வண்ணப் பட்டையில் உரிமத்தின் பெயர் இருப்பதோ ஆதாரம் ஆகாது. கிட்ஹபின் பக்கப்பட்டியில் தெரியும் உரிமப் பெயரும் ஒரு கருவி தானாகக் கண்டறிந்து காட்டுவதுதான். 'லைசென்ஸ்' அல்லது 'காப்பியிங்' என்ற பெயரில் ரெப்போவின் முதல் நிலையில் இருக்கும் கோப்பைத் திறந்து படியுங்கள்.

அப்படி ஒரு கோப்பே இல்லையென்றால்? எழுதியவர் எந்த உரிமையையும் கொடுக்கவில்லை என்று பொருள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, எழுதிய நொடியிலிருந்தே எல்லா உரிமையும் எழுதியவருக்குத்தான். பொது ரெப்போவாக இருப்பதால் கிட்ஹபுக்குள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தனி நகலாகப் பிரிக்கலாம்). அது கிட்ஹபின் சேவை விதிகள் தரும் அனுமதி. உங்கள் தயாரிப்பில் சேர்க்கவோ மாற்றி வெளியிடவோ அது போதாது. தமிழில் எழுத்துப்பிழை திருத்தி, எழுத்துரு மாற்றி என்று நல்ல மனதோடு எழுதிப் பகிரப்படும் கருவிகளில் பல இந்த ஒரு கோப்பு இல்லாமலே கிடக்கின்றன. பயன்பட வேண்டும் என்று எழுதியது சட்டப்படி யாருக்கும் பயன்படாமல் நிற்பது வருத்தமான நிலை.

கோப்பு இருந்தால் அது எதையெல்லாம் தழுவுகிறது என்று பாருங்கள். கிட்ஹப் போன்ற சேவையான கிட்லேப்பின் ரெப்போவில் பெரும்பகுதி எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் இருக்கிறது. ஆனால் 'இஇ' என்ற ஃபோல்டருக்குள் இருப்பது நிறுவனத்தின் தனி உரிமத்தின் கீழ் வருகிறது. ரெப்போ ஒன்று, உரிமம் இரண்டு. இது ஒளித்துச் செய்ததல்ல, உரிமக் கோப்பின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். படிக்காமல் போனால்தான் ஆபத்து.

அப்புறம் பதிப்பு எண். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 'ரெடிஸ் திறமூலமா?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. 7.2 வரை பிஎஸ்டி உரிமம், எனவே திறமூலம். 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபடி 7.4இலிருந்து ரெடிஸின் சொந்த உரிமம் அல்லது எஸ்எஸ்பிஎல் (மாங்கோடிபி நிறுவனம் எழுதிய உரிமம், பின்னால் விரிவாகப் பார்ப்போம்) என இரண்டு தேர்வுகள். இரண்டுமே திறமூலம் அல்ல. அந்த மாதமே வால்கீ என்ற கிளை பிரிந்தது. 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8இல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமம் மூன்றாவது தேர்வாகச் சேர்க்கப்பட்டது, மறுபடியும் திறமூலம். ஒரே பெயர், மூன்று பதில்கள். ஏற்கெனவே பிஎஸ்டியில் வெளியான பதிப்புகளின் உரிமத்தைப் பின்னால் வந்த மாற்றம் பறிக்கவில்லை, அதனால்தான் வால்கீ சாத்தியமாயிற்று.

இங்கே 'அல்லது', 'மற்றும்' என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். பல உரிமங்களில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அவற்றில் ஒன்று திறமூலமாக இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் கட்டுப்பட வேண்டும் என்றால் எல்லாமே தேற வேண்டும். 'ஜிபிஎல் அல்லது வணிக உரிமம்' என்று கொடுக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் திறமூலம்தான், ஏனென்றால் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக நமக்கு வழி இருக்கிறது.

படி 2: பெயரைச் சரிபாருங்கள், பிறகு வாசகத்தைச் சரிபாருங்கள்

ஓஎஸ்ஐ தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட உரிமங்களின் பட்டியல் இருக்கிறது. எம்ஐடி, அப்பாச்சி 2.0, பிஎஸ்டி வகைகள், ஜிபிஎல் குடும்பம், மோசில்லா உரிமம் என்று நாம் தினமும் பார்ப்பவை எல்லாம் அதில் உண்டு. உங்கள் கையில் இருப்பது அதில் ஒன்று, வாசகமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது என்றால் உரிமத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

ஆனால் பெயர்கள் ஏமாற்றும். பிஎஸ்எல் என்ற சுருக்கத்தை பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கும் சொல்கிறார்கள், பூஸ்ட் மென்பொருள் உரிமத்துக்கும் சொல்கிறார்கள். பூஸ்ட் திறமூலம், பிசினஸ் சோர்ஸ் அல்ல. இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் எஸ்பிடிஎக்ஸ் என்ற உரிமப் பெயர்ப் பட்டியலில் பிசினஸ் சோர்ஸுக்கு 'பியுஎஸ்எல்-1.1' என்று தனி அடையாளம் வைத்திருக்கிறார்கள். இதைவிட மோசமான இரட்டை ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் உலகில் உண்டு. 'அன்லைசென்ஸ்' என்பது நிரலைப் பொதுவுடைமையாக்கும் அறிக்கை, ஓஎஸ்ஐ 2020இல் அங்கீகரித்தது. தொகுப்புக் கோப்பின் உரிமப் புலத்தில் பெரிய எழுத்துகளில் 'அன்லைசென்ஸ்டு' என்று இருந்தால் எந்த உரிமையும் தரவில்லை என்று அர்த்தம். கடைசியில் வரும் ஒரே எழுத்து பொருளை நேர் எதிராகப் புரட்டிவிடுகிறது.

எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் இருக்கிறது, அதனால் திறமூலம் என்று நினைப்பதும் தவறு. அது உரிமங்களுக்கு அடையாளப் பெயர் தரும் பட்டியல் மட்டுமே. எஸ்எஸ்பிஎல், பிசினஸ் சோர்ஸ், கிரியேட்டிவ் காமன்ஸின் வணிகமல்லாத வகைகள் எல்லாமே அதில் இருக்கின்றன. ஓஎஸ்ஐ அங்கீகாரம் உண்டா என்று தனிப் புலம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

பெயர் சரி, இனி வாசகம். தெரிந்த உரிமத்தின் நடுவே ஒரு வரியைச் செருகினாலே கதை மாறிவிடும். ஜேசன் என்ற தரவு வடிவத்துக்குப் பெயர்பெற்ற டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேசன் உரிமம் அப்படியே எம்ஐடி போலத்தான் இருக்கும். கூடுதலாக இருப்பது ஒரே வாக்கியம்: மென்பொருளை நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல. நல்ல எண்ணம்தானே என்று தோன்றும். ஆனால் எது தீமை என்று யார் முடிவு செய்வது? டெபியன் அதை ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளை 2016இல் அதைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாத வகைக்கு மாற்றியது. பிஎச்பி நிரல்மொழியின் 7ஆம் பதிப்பு வந்தபோது பழைய ஜேசன் பகுதியையே எடுத்துவிட்டுப் புதிதாக எழுதப்பட்ட ஒன்றை வைத்தார்கள், உரிமச் சிக்கலும் அதற்கு ஒரு காரணம். ஒரு வாக்கியம் எத்தனை பேருக்கு எத்தனை வேலை வைத்தது பாருங்கள்.

காமன்ஸ் கிளாஸ் இதே வகை, ஆனால் விளைவு பெரிது. 2018இல் வந்த இதை அப்பாச்சி 2.0 போன்ற உரிமத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். மென்பொருளை விற்கும் உரிமையை அது பறித்துவிடும். 'விற்பது' என்பதில், அந்த மென்பொருளின் பயனையே முக்கியமாகக் கொண்டு காசு வாங்கி நடத்தும் ஹோஸ்டிங், ஆலோசனை, பராமரிப்புச் சேவைகளும் அடங்கும். கீழே அப்பாச்சி என்று எழுதியிருந்தாலும் மேலே உள்ள அந்தப் பத்தி முதல் விதியை உடைத்துவிடுகிறது. இதில் நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு. நியோ4ஜே நிறுவனம் ஏஜிபிஎல்லோடு காமன்ஸ் கிளாஸை ஒட்டி வெளியிட்ட மென்பொருளிலிருந்து சிலர் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, முழுக்க முழுக்கத் திறமூலம் என்று விளம்பரம் செய்தார்கள். நீக்க அவர்களுக்கு உரிமை இல்லாதபோது அப்படிச் சொல்வது பொய் விளம்பரம் என்ற கீழ் நீதிமன்ற முடிவை 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. 'ஓப்பன் சோர்ஸ்' என்பதை யார் வேண்டுமானாலும் எதன் மேலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

ஒப்பிடுவது எளிது. ஓஎஸ்ஐ தளத்திலிருந்து மூல வாசகத்தை எடுத்து, உங்களிடம் இருக்கும் கோப்போடு டிஃப் (இரண்டு கோப்புகளின் வித்தியாசத்தைக் காட்டும் ஒப்பீடு) போட்டுப் பாருங்கள். ஆண்டு, பெயர் தவிர வேறு எது மாறியிருந்தாலும் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள்.

படி 3: நிபந்தனை எதன் மேல் விழுகிறது?

பட்டியலில் இல்லாத உரிமம், அல்லது மாற்றப்பட்ட உரிமம் என்றால் இனி நாமேதான் படிக்க வேண்டும். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிபந்தனையிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது நான் மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும் விதத்தைப் பற்றிப் பேசுகிறதா, அல்லது நான் யார், எதற்காகப் பயன்படுத்துகிறேன் என்பதைப் பற்றிப் பேசுகிறதா? முதல் வகை பெரும்பாலும் தேறும். இரண்டாம் வகை தேறாது.

'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல', 'கல்விக்கு மட்டும்', 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்' என்பவை நேரடியாக ஆறாவது விதியில் விழுகின்றன. வருமான வரம்பும் அப்படித்தான். அக்கா என்ற மென்பொருள் 2022 செப்டம்பரில் அப்பாச்சி 2.0இலிருந்து பிசினஸ் சோர்ஸுக்கு மாறியபோது, ஆண்டு வருவாய் 2.5 கோடி டாலருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இலவசம் என்று சொன்னது. சின்ன நிறுவனத்துக்கு அது தாராளமாகத் தெரியும். ஆனால் உரிமை ஆளைப் பொறுத்து மாறுகிறதே! நீங்கள் வளர்ந்தால் மாறும், உங்களிடமிருந்து வாங்குபவர் பெரியவராக இருந்தால் அவருக்கு மாறும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது உரிமையும் முழுதாகக் கைமாற வேண்டும் என்பதுதான் திறமூலத்தின் உயிர்.

அறம் சார்ந்த உரிமங்கள் இங்கேதான் மனதைச் சங்கடப்படுத்துகின்றன. 2019இல் கோராலைன் அடா எம்கே எழுதிய ஹிப்போக்ரட்டிக் உரிமம், மனித உரிமைகளை மீறுபவர்கள் மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அது திறமூலம் ஆகாது, ஆகவும் கூடாது என்றே நினைக்கிறேன். பயன்பாட்டைத் தடுக்கும் அதிகாரத்தை உரிமத்துக்குள் வைத்துவிட்டால் அடுத்து வருபவர் தன் கொள்கைப்படி தொழிற்சங்கங்களைத் தடுப்பார், இன்னொருவர் ஒரு நாட்டையே தடுப்பார். அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுக்க எழுதியவருக்கு முழு உரிமை உண்டு. வேறு பெயரில் அழைத்தால் போதும்.

தளக் கட்டுப்பாடும் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் இரண்டு உரிமங்களை 2007இல் ஓஎஸ்ஐ அங்கீகரித்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'லிமிடெட்' வகை, விண்டோஸில் ஓடும் மென்பொருளுக்கு மட்டும் என்று உரிமையைக் கட்டிப்போட்டது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், அது திறமூலம் அல்ல.

கடுமையாகத் தெரியும், ஆனால் திறமூலம்தான்

எதிர்த்திசையில் நடக்கும் தவறும் குறைவல்ல. நிபந்தனை இருக்கிறது என்பதற்காகவே திறமூலம் அல்ல என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஜிபிஎல்லில் வெளிவந்த நிரலை மாற்றி விநியோகித்தால் உங்கள் மாற்றத்தையும் ஜிபிஎல்லில் தர வேண்டும். நிறுவனங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், திறமூலம் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. நிபந்தனை பகிர்தலின் மேல்தான் விழுகிறது. மாற்றிய பதிப்புக்கு வேறு பெயர் வை என்று கேட்பதும் சரியே. நான்காவது விதி அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. வணிகச் சின்னமும் தனி விஷயம். மாற்றிய பதிப்பை 'ஃபயர்பாக்ஸ்' என்ற பெயரில் வெளியிட மோசில்லா விதிகள் வைத்திருந்ததால் டெபியன் 2006இலிருந்து 2016 வரை அதை 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் கொடுத்தது. நிரல் எப்போதும் திறமூலமாகவே இருந்தது.

எழுத்துருக்களுக்கான எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் தமிழ்க் கணிமைக்கு நெருக்கமானது. நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் இரண்டும் இதில்தான் கிடைக்கின்றன. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அப்படியானால் முதல் விதி உடையவில்லையா? இல்லை. முதல் விதி கேட்பது, வேறு மென்பொருளோடு சேர்த்து விற்க விட வேண்டும் என்பது. இந்த உரிமத்தில் ஒரு சின்ன நிரலோடு சேர்த்தாலும் விற்கலாம். ஓஎஸ்ஐ இதை அங்கீகரித்திருக்கிறது.

ஏஜிபிஎல்லும் எஸ்எஸ்பிஎல்லும்: எல்லைக் கோடு எங்கே

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்றவை தானாகப் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜிபிஎல்லில் ஒரு இடைவெளி உண்டு. மென்பொருளை மாற்றி, உங்கள் சர்வரில் மட்டும் ஓட்டி, இணையம் வழியாக மக்களுக்குச் சேவை தந்தால் அது விநியோகம் ஆகாது. எனவே மாற்றத்தைத் தர வேண்டியதில்லை. 2007 நவம்பரில் வெளிவந்த ஏஜிபிஎல் 3, அதன் 13ஆவது பிரிவில் இதை அடைத்தது. நீங்கள் நிரலை மாற்றியிருந்தால், வலைவழியாக அதைப் பயன்படுத்துபவர்களுக்கு உங்கள் பதிப்பின் மூலநிரலைத் தர வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் இந்தப் பிரிவு உங்களிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்பதும் அந்த நிரலைப் பற்றி மட்டுமே. ஓஎஸ்ஐ அங்கீகாரம் உண்டு.

2018 அக்டோபரில் மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் ஏஜிபிஎல்லை விட்டு, தானே எழுதிய எஸ்எஸ்பிஎல்லுக்கு மாறியது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் உழைப்பை எடுத்துச் சேவையாக விற்றுச் சம்பாதிக்கின்றன, திருப்பித் தருவது குறைவு என்பது அவர்கள் வாதம். அது நியாயமற்ற கவலை என்று சொல்ல மாட்டேன். உரிமத்தின் வாசகம் பெரும்பகுதி ஜிபிஎல் 3தான், மாறியிருப்பது 13ஆவது பிரிவு. மென்பொருளைச் சேவையாகப் பிறருக்குத் தந்தால், அந்தச் சேவையை நடத்த நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றின் மூலநிரலையும் எஸ்எஸ்பிஎல்லிலேயே தர வேண்டும். மேலாண்மை மென்பொருள், பயனர் இடைமுகம், கண்காணிப்பு, காப்பு எடுக்கும் கருவி, சேமிப்பகம், ஹோஸ்டிங் எல்லாமே அந்தப் பட்டியலில் வருகின்றன.

வித்தியாசம் தெரிகிறதா? ஏஜிபிஎல் தன் நிரலோடு நிற்கிறது. எஸ்எஸ்பிஎல் பக்கத்தில் ஓடும் மற்ற மென்பொருள்கள் வரை கை நீட்டுகிறது. அந்த மென்பொருள்களில் பல வேறு யாரோ எழுதியவை. அவற்றை எஸ்எஸ்பிஎல்லில் தரும் உரிமையே உங்களுக்கு இருக்காது. ஆக, நிறைவேற்ற முடியாத நிபந்தனை ஒன்றை வைத்து, சேவை நடத்துவது என்ற ஒரு தொழிலை மட்டும் குறிவைத்து மூடுகிறார்கள். ஒன்பதாவது விதியும் ஆறாவது விதியும் இங்கே அடிபடுகின்றன. மாங்கோடிபி இதை ஓஎஸ்ஐ பரிசீலனைக்கு அனுப்பி, 2019 மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனமும் எஸ்எஸ்பிஎல் பக்கம் போனபோது, இது திறமூல உரிமம் அல்ல என்று ஓஎஸ்ஐ பகிரங்கமாக அறிவித்தது. அதன் தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச் பிரிந்தது அப்போதுதான். 2024இல் எலாஸ்டிக் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது.

சில ஆண்டுகள் கழித்துத் திறமூலம்

பிசினஸ் சோர்ஸ் உரிமம் மரியாடிபி நிறுவனத்திலிருந்து வந்தது. குறித்த நாள் வரை கட்டுப்பாடு இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பதிப்பு ஒரு திறமூல உரிமத்துக்கு மாறிவிடும். அந்த நாள், பதிப்பு வெளியானதிலிருந்து நான்கு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. இதை எடைபோடும்போது இன்றைய தேதியில் நில்லுங்கள். இன்று கட்டுப்பாடு இருந்தால் இன்று அது திறமூலம் அல்ல. நான்கு ஆண்டு பழைய பதிப்பு உங்களுக்குப் போதும் என்றால் அதற்கு மட்டும் பதில் மாறும். ஆனால் அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த உரிமத்தில் 'கூடுதல் அனுமதி' என்ற பகுதியை ஒவ்வொரு நிறுவனமும் தானே நிரப்பும், எனவே ஒரு திட்டத்தில் படித்ததை வைத்து இன்னொன்றை முடிவு செய்ய முடியாது.

பட்டியலில் இல்லாத உரிமத்துக்கு டெபியன்காரர்களின் மூன்று சோதனைகள்

ஓஎஸ்ஐ பட்டியலில் இல்லை என்பதாலேயே எல்லாம் தோற்றுவிடாது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் பொதுவுடைமையாக விடப்பட்ட நிரல், அதற்கு அங்கீகரிக்க உரிமமே கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி0 என்ற உரிமைத் துறப்பு அறிக்கையை ஓஎஸ்ஐ பரிசீலனையில் வைத்தபோது, பதிப்புரிமையைத் துறந்தாலும் பேட்டன்ட் உரிமையைத் தரவில்லை என்ற கேள்வி எழுந்து 2012இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2022இல் ஃபெடோராவும் நிரலுக்குச் சிசி0வை ஏற்பதை நிறுத்தியது. இப்படிப்பட்ட இடங்களில் டெபியனும் ஃபெடோராவும் என்ன முடிவு செய்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள், நல்ல இரண்டாவது கருத்து கிடைக்கும்.

டெபியன் வட்டாரத்தில் மூன்று கற்பனைச் சோதனைகள் புழக்கத்தில் உள்ளன. ஆளில்லாத தீவில் கணினியோடு மாட்டிக்கொண்ட ஒருவர் இந்த உரிமத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க முடியுமா? எல்லா மாற்றங்களையும் ஆசிரியருக்கு அனுப்பு என்று உரிமம் சொன்னால் முடியாது. சர்வாதிகார ஆட்சியில் மறைந்து வாழும் ஒருவர், தன் அடையாளத்தைக் காட்டாமல் மாற்றிய நிரலை நண்பர்களுக்கு மட்டும் தர முடியுமா? பெயரைப் பதிவு செய் என்றால் முடியாது. நாளை ஆசிரியரே மனம் மாறி, பயனர்களுக்குக் கெடுதல் செய்ய நினைத்தால், கொடுத்த உரிமையைப் பிடுங்க முடியுமா? 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்' என்ற வரி இருந்தால் முடியும், எனவே உரிமம் தோற்றது. இவை டெபியனின் அதிகாரபூர்வ விதிகள் அல்ல. ஆனால் உரிமத்தில் ஒளிந்திருக்கும் கயிற்றை இவ்வளவு சீக்கிரம் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியாது.

ஏஐ மாடல்கள்

'ஓப்பன்' என்ற சொல் இன்று மிகத் தாராளமாகப் புழங்குவது இங்கேதான். மெட்டா 2023 ஜூலையில் லாமா 2 மாடலைத் திறமூலம் என்று சொல்லியே வெளியிட்டது. உரிமத்தைத் திறந்தால், மாதம் 70 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி வாங்க வேண்டும். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தனிக் கொள்கையும் இருந்தது. லாமாவின் வெளியீட்டை வைத்து வேறு மொழி மாடலை மேம்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஐந்தாவது, ஆறாவது விதிகள் முதல் வாசிப்பிலேயே உடைகின்றன. ஓஎஸ்ஐயும் இது திறமூலம் அல்ல என்று சொல்லிவிட்டது.

உரிமம் சரியாக இருந்தாலும் மாடல்களில் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கும். மிஸ்ட்ரல் 7பி அப்பாச்சி 2.0இல் வந்தது, டீப்சீக் ஆர்1 எம்ஐடியில் வந்தது. அந்த உரிமங்கள் தங்கமானவை. ஆனால் கிடைப்பது எடைகள், அதாவது பயிற்சியில் உருவான எண்கள். எந்தத் தரவில் பயிற்சி நடந்தது என்பது கிடைப்பதில்லை. 2024 அக்டோபரில் ஓஎஸ்ஐ வெளியிட்ட திறமூல ஏஐ வரையறை, பயிற்சி நிரலையும் தரவைப் பற்றிய விரிவான தகவலையும் கேட்கிறது, தரவு முழுவதையும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அது போதாது என்று வாதிடுபவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். உங்கள் குறிப்பில் 'எடைகள் எம்ஐடி, பயிற்சித் தரவு தரப்படவில்லை' என்று பிரித்து எழுதினால் யாரையும் தவறாக வழிநடத்த மாட்டீர்கள்.

உரிமத்துக்கு வெளியே ஒரு பார்வை

இன்று திறமூலமாக இருப்பது நாளையும் அப்படியே வெளிவருமா என்பது வேறு கேள்வி, அதற்கும் ஓரளவு பதில் தேடலாம். பங்களிப்பவர்கள் எல்லோரும் உரிமையை மறு உரிமம் தரும் அதிகாரத்தோடு ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்தால் அந்த நிறுவனம் அடுத்த பதிப்பின் உரிமத்தைத் தனியாக மாற்ற முடியும். லினக்ஸ் கெர்னலில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கானோரிடம் உரிமை சிதறிக் கிடப்பதால் அதன் உரிமத்தை மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இது திறமூலமா என்ற தீர்ப்பைத் தொடாது, ஆனால் பத்து ஆண்டுகளுக்கு ஒன்றை நம்பப் போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முடிவைப் பதிந்து வையுங்கள்

மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எந்த கமிட் (ரெப்போவில் பதிந்த மாற்றத்தின் அடையாளம்), எஸ்பிடிஎக்ஸ் அடையாளம், உரிமக் கோப்பின் நகல், பார்த்த தேதி, இவ்வளவு போதும். தேறவில்லை என்றால் எந்த வரியால் தேறவில்லை என்று ஒரு வரி. பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் உரிமக் கோப்பை மட்டும் மறுபடி டிஃப் போடுங்கள். தேறாத மென்பொருளைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விதிகள் உங்களுக்குப் பொருந்தினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 'மூலநிரல் பார்வைக்கு உண்டு' என்று குறித்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

உரிமமே இல்லாத நல்ல கருவியைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டாம், எழுதியவரிடம் கேளுங்கள். ரெப்போவில் ஒரு இஷ்யூ (கோரிக்கைக் குறிப்பு) திறந்து இப்படி எழுதினால் போதும்: 'வணக்கம். உங்கள் கருவியை எங்கள் திட்டத்தில் சேர்க்க விரும்புகிறோம். ரெப்போவில் உரிமக் கோப்பு இல்லாததால் சேர்க்க முடியவில்லை. எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 போன்ற ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்துச் சேர்க்க முடியுமா? எழுத்துருவும் உள்ளே இருப்பதால் அதற்கு மட்டும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் பொருத்தமாக இருக்கும்.' வேறு யாராவது அதில் பங்களித்திருந்தால் அவர்களுடைய சம்மதமும் தேவைப்படும், அதையும் அந்த இஷ்யூவிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.